கிளிக்கர் கேமை விட முடியவில்லையா? முதலில் விலைப்பட்டியலைப் பாருங்கள்

திரையைத் தட்டத் தட்டக் காசு சேரும், அந்தக் காசில் தானாகச் சம்பாதிக்கும் பொருட்களை வாங்கலாம். அதுதான் கிளிக்கர் கேம். பெங்களூரு அல்சூரில் பர்ப்பிள் லைன் மெட்ரோ ஏறுகிறவர், ஒயிட்பீல்டு போய்ச் சேர்வதற்குள் அதை நாலைந்து தடவை திறந்து பார்த்துவிடுவார். தட்டுவதைவிட, தட்டாதபோதும் காசு ஏறிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்புதான் இழுக்கிறது. மனஉறுதி இல்லை என்று நொந்துகொள்ள வேண்டாம். கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

2013-ல் வந்த குக்கீ கிளிக்கரையே எடுத்துக்கொள்வோம். அங்கே காசு என்பது குக்கீ; கர்சர், பாட்டி போன்றவை குக்கீ கொடுத்து வாங்கும் "கட்டடங்கள்", தாமாகவே குக்கீ சேர்த்துத் தரும். கர்சர் விலை 15 குக்கீ, நொடிக்கு 0.1 தரும். போட்ட முதல் திரும்ப 150 நொடி. பாட்டி விலை 100, நொடிக்கு 1. அங்கே 100 நொடி. ஒன்று வாங்கினால் அடுத்ததன் விலை 15% ஏறும்; ஐந்து வாங்கினால் கிட்டத்தட்ட இரட்டிப்பு. பாட்டியின் சம்பாத்தியமோ அதே 1. ஐம்பது பாட்டி சேர்ந்தபின் அடுத்தவர் விலை சுமார் 1,08,000. அப்கிரேடு (உற்பத்தியைக் கூட்டும் மேம்பாடு) எதுவும் இல்லையென்றால் அந்த முதல் திரும்ப 30 மணி நேரம்! அந்த நேரத்தில்தான் இரட்டிப்பு அப்கிரேடோ புதுக் கட்டடமோ கண்ணில் படும். கொஞ்சம் மூச்சு விடலாம், பிறகு மறுபடி அதே ஏற்றம்.

ஆகவே எதையும் வாங்குமுன் விலையை, அது கூட்டித்தரும் நொடி வருமானத்தால் வகுங்கள். விடை உங்கள் பயணத்தைவிட நீளமென்றால் மூடிவிடுங்கள். இன்று அங்கே செய்ய வேலை இல்லை.

அடுத்த தூண்டில் தங்கக் குக்கீ, திரையில் திடீரென்று தோன்றும், தட்டினால் பரிசு. எப்போது வரும் என்று தெரியாது, வந்தாலும் சில நொடியில் மறைந்துவிடும். ஃப்ரென்ஸி என்ற பரிசு விழுந்தால் 77 நொடிக்கு உற்பத்தி 7 மடங்கு. தவறிவிடுமோ என்ற பயத்தில் கண் திரையை விட்டு அகலாது. போன் கேம்களில் இதே வேலையை "விளம்பரம் பார், 2 மடங்கு" பட்டன் செய்கிறது. அதைத் தொடுவதில்லை என்று ஒரு வாரம் வைத்துப் பாருங்கள், கேம் சப்பென்று ஆகிவிடும்.

போனில் முதலில் அணைக்க வேண்டியது நோட்டிஃபிகேஷன். "உங்கள் பெட்டி நிரம்பிவிட்டது" என்பதுதான் ஆளைத் திரும்ப இழுக்கும் செய்தி. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், டிஜிட்டல் வெல்பீயிங் போய் அந்த ஆப்புக்கு 10 நிமிடம் டைமர் வையுங்கள். முடிந்ததும் ஐகான் சாம்பலாகும். நள்ளிரவு வரை திறக்காது. ஆனால் அதே இடத்தில் டைமரை நீக்கிவிடலாம் என்பதால் இதை மட்டும் நம்பக் கூடாது. ஆப்பை அழித்தாலும், கிளவுடில் சேவ் (கேமில் சேர்த்ததன் பதிவு) இருந்தால் மறுபடி போட்டவுடன் பழைய சொத்து வந்து நிற்கும். முதலில் அந்தப் பதிவை அழித்துவிட்டு, பிறகு ஆப்பை அழியுங்கள். ப்ளே ஸ்டோரில் ஒவ்வொரு வாங்கலுக்கும் பாஸ்வேர்டு கேட்கும்படி வைப்பது தனி நல்லது.

கடைசி மருந்து, பேராசைக்குத் திகட்டும்வரை ஊட்டுவது. மூடியிருந்த நேரத்துக்கான காசைக் கணக்கிட, பல ஆஃப்லைன் கேம்கள் போன் கடிகாரத்தைத்தான் நம்புகின்றன. தேதியை ஒரு வருடம் தள்ளி வைத்துத் திறந்தால் காசு கொட்டும், வாங்க வேண்டியதெல்லாம் வாங்கியாகிவிடும், ஆர்வம் அன்றோடு போகும். சர்வர் நேரம் பார்க்கும் கேமில் இது பலிக்காது. ஆஃப்லைன் வருமானத்துக்கு சில மணி நேர உச்சவரம்பு வைத்த கேமில் ஒரு வருடம் தள்ளினாலும் அந்த சில மணி நேரத்துக்கான காசுதான் வரும். முடித்ததும் தேதியைத் தானியங்கிக்கு மாற்றிவிடுங்கள். மறந்தால் வாட்ஸ்அப் "தேதி தவறு" என்று திறக்க மறுக்கும், ஓடிபி உருவாக்கும் ஆப் தப்பான எண் காட்டும்.