கனவில் ஓடும் படத்தைக் கையும் களவுமாகப் பிடிப்பது

தூக்கத்திலேயே 'இது கனவு' என்று தெரிந்துவிடுவதை லூசிட் ட்ரீம் என்பார்கள். இங்கே தெளிகனவு என்று வைத்துக்கொள்வோம். தானாக வரும் தெளிகனவு பல சமயம் ஒரு பொருந்தாமையில்தான் தொடங்குகிறது. இறந்துபோன தாத்தா திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். போன வாரம் பார்த்த படத்தின் சண்டை உங்கள் பழைய பள்ளிக்கூட வராந்தாவில் நடக்கிறது. படமும் நினைவும் ஒட்டுப்போட்ட அந்தத் தையலைப் பார்க்கப் பழக வேண்டும்.

முதல் இரண்டு வாரம் நோட்டு மட்டும் போதும். கண் விழித்ததும் புரளாமல் கிடந்து, கடைசிக் காட்சியிலிருந்து பின்னோக்கிப் போய், பிறகு எழுதுங்கள். ஒவ்வொரு ஆளுக்கும் இடத்துக்கும் பக்கத்தில் 'ப' (படம்) அல்லது 'நி' (நினைவு) என்று போடுங்கள். படம் பார்த்த தேதியும் வேண்டும்: பார்த்தது அன்றிரவே வரலாம், 5 முதல் 7 நாள் கழித்தும் தலைகாட்டலாம். நேற்றை மட்டும் துழாவுகிறவர்கள் பாதியைத் தவறவிடுகிறார்கள்.

கதை அப்படியே வரும் என்று காத்திருக்காதீர்கள். 2000இல் வெளியான ஆய்வொன்றில், டெட்ரிஸ் என்ற, விழும் கட்டைகளை அடுக்கும் வீடியோ கேம் ஆடியவர்களுக்குத் தூக்கம் சொக்கும்போது விழும் கட்டைகள் தெரிந்தன. ஆடியதே நினைவில்லாத மறதி நோயாளிகள் சிலருக்கும் தெரிந்தன. ஆகவே நோட்டில் வசனத்தைவிட உருவம், அசைவு, இடம் ஆகியவற்றைத் தேடுங்கள்.

மூன்று முறையாவது திரும்பி வந்த ஒரு தையலைத் தேர்ந்தெடுங்கள். விடுமுறைக்கு முந்தின இரவு, தூங்கி 5 மணி நேரம் கழித்து அலாரம் வையுங்கள். கனவு மிகுந்த ரெம் தூக்கம் விடியலை நெருங்க நெருங்க நீளும். எழுந்து 20, 30 நிமிடம் மங்கலான வெளிச்சத்தில் நோட்டைப் படியுங்கள். போனைத் தொட்டால் தூக்கம் போய்விடும். திரும்பப் படுத்து, அந்தக் கனவை மனதில் ஓட்டி, தையல் வரும் இடத்தில் 'இது கனவு' என்று நீங்களே சொல்வதாகக் கற்பனை செய்யுங்கள். தூக்கம் வரும்வரை இதையே செய்யுங்கள். தெளிகனவு ஆய்வாளர் ஸ்டீபன் லாபெர்ஜ் 1980இல் விவரித்த முறையின் சாரம் இதுதான்.

சந்தேகம் வந்தால் மூக்கைப் பொத்தி மூச்சிழுங்கள். கனவில் பெரும்பாலும் காற்று வரும். பகலில் இதை மணிக்கொருமுறை இயந்திரம் மாதிரி செய்தால் கனவிலும் கவனமில்லாமல் செய்துவிட்டுப் போவீர்கள். விசித்திரம் கண்ணில் பட்டால் மட்டும் செய்யுங்கள்.

தெளிந்ததும் குதூகலித்தால் விழிப்பு வந்துவிடும். உள்ளங்கைகளைத் தேய்த்து அந்த உராய்வைக் கவனியுங்கள். படக் கனவுக்கென்றே ஒரு கோளாறு உண்டு: கனவு என்று தெரிந்தும் பார்வையாளராக உட்கார்ந்துவிடுவது. கதையை மாற்ற மல்லுக்கட்ட வேண்டாம். கேமரா காட்டாத பக்கம் திரும்பி, ஒரு கதவைத் திறந்து வெளியே நடங்கள்.

இடையில் எழுப்பிய தூக்கத்தில் சிலருக்கு உடல் அசையாமல் நெஞ்சு கனக்கும், ஊரில் அமுக்குவான் பேய் என்பது. சில நொடிகளில், மிஞ்சினால் சில நிமிடங்களில் விலகிவிடும். மூச்சைச் சீராக விட்டு, விரல் நுனியை அசைக்கப் பாருங்கள். அடிக்கடி வந்தால் அலாரத்தை நிறுத்திவிட்டு நோட்டோடு மட்டும் தொடருங்கள். நனவும் கனவும் குழம்பும் மனநோய் உள்ளவர்கள் இந்தப் பயிற்சியில் இறங்கவே வேண்டாம்.