டெல்லி கூட்டூர் ஷோ பார்க்கப் போவது எப்படி? ஆரி போடுகிறவர்களுக்காக

"டெல்லி ஷோவுக்கு எப்படிக்கா போனீங்க?" ஆரி (கொக்கி ஊசியால் போடும் எம்பிராய்டரி) பிளவுஸ் போட்டுக் கொடுக்கும் தோழிகள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. முதல் வருடம் பாதியிலேயே வாசலிலிருந்து திரும்பினேன், அடுத்த வருடம்தான் நிம்மதியாகப் பார்த்தேன். அதனால் வழியை எழுதி வைக்கிறேன்.

நான் சொல்வது, ஃபேஷன் டிசைன் கவுன்சில் ஆஃப் இந்தியா நடத்தும் இந்தியா கூட்டூர் வீக். வழக்கமாக ஜூலைக் கடைசியில் நடக்கும். சமீப வருடங்களில் பெரும்பாலான ஷோக்கள் சர்தார் படேல் மார்கில் உள்ள தாஜ் பேலஸ் ஹோட்டலில்தான். லாக்மே ஃபேஷன் வீக் வேறு, இது வேறு. இங்கே வருவது அளவெடுத்து, கையால் மாதக்கணக்கில் வேலை செய்த உடைகள்; கூட்டூர் (couture) என்றால் அதுதான். நமக்கு வேண்டியது இதுதான்.

1. அழைப்பு வாங்குவது

டிக்கெட் விற்பனை கிடையாது, அழைப்பு மட்டுமே. வாடிக்கையாளர்கள், பத்திரிகைக்காரர்கள், ஸ்பான்சர்களின் விருந்தினர்கள், துறையில் இருப்பவர்கள் ஆகியோருக்குத்தான் போகும். துறையில் இருப்பவர்கள் என்றால் நாமும்தான். நான் என் வேலைப்பாடுகளின் படங்களோடு, யார், என்ன செய்கிறேன், எதற்காகப் பார்க்க வேண்டும் என்று நான்கே வரியில் டிசைனர்களின் அலுவலகங்களுக்கு மெயில் அனுப்பினேன். ஜூன் முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள். பெரும்பாலானவர்கள் பதில் போடமாட்டார்கள். ஒருவர் போட்டால் போதும். நிஃப்ட் போன்ற ஃபேஷன் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், மாடல்களுக்கு உடை மாட்டிவிடும் உதவியாளராகப் போக முடியுமா என்று கல்லூரியிலேயே கேட்கச் சொல்லுங்கள். முன்வரிசையை விட அந்த இடம் நல்லது, துணியைத் தொடலாம்.

இனி நான் தடுக்கிய இடம். அழைப்பு வாரம் முழுவதற்கும் இல்லை. ஒரு டிசைனரின் ஒரு ஷோவுக்கு மட்டும். ஒவ்வொருவரும் தனித்தனியாக விருந்தினர் பட்டியல் வைத்திருப்பார்கள். இது தெரியாமல் மூன்று நாள் தங்க ரூம் போட்டு, இரண்டாம் நாள் மாலை அதே அழைப்போடு வாசலில் நின்றேன். பெயர் பட்டியலில் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அழைப்பு வந்ததும் இந்த மூன்றையும் பாருங்கள்: யாருடைய ஷோ, எத்தனை பேருக்கு, வருவதை உறுதி செய்து பதில் போடச் சொல்லியிருக்கிறார்களா. பதில் போடாவிட்டால் இடம் இன்னொருவருக்குப் போய்விடும். அழைப்பு உறுதியாகும் வரை ரயில், ரூம் எதற்கும் பணம் கட்டாதீர்கள்.

*பின்சேர்க்கை:* சேலத்திலிருந்து போன ஒரு தோழி, அழைப்பில் இருந்த கியூஆர் கோடை உறவுப் பெண்ணுக்கும் அனுப்பியிருக்கிறார். அந்தப் பெண் முதலில் நுழைந்துவிட, இவருடைய கோடு செல்லவில்லை. யாருக்கும் அனுப்பாதீர்கள்.

2. போய்ச் சேருவது

ஏர்போர்ட் மெட்ரோவில் தௌலா குவான் இறங்கி ஆட்டோ பிடியுங்கள். மழைக்காலம், ரோட்டில் தண்ணீர் நின்றால் நகரவே முடியாது. ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

3. உடை

நல்ல கைத்தறிப் புடவை, நீங்களே போட்ட ஆரி பிளவுஸ். அதுதான் உங்கள் விசிட்டிங் கார்டு. என் பிளவுஸ் முதுகைப் பார்த்துத்தான் பக்கத்து இருக்கைப் பெண் பேச ஆரம்பித்தார். ஹீல்ஸ் வேண்டாம், நிற்க வேண்டியிருக்கும். ஏசி குளிருக்கு ஒரு சால்வை.

4. பார்ப்பது

அழைப்பில் போட்ட நேரத்துக்கு ஷோ தொடங்காது. நான் பார்த்தது ஒரு மணி நேரம் தாமதம். தொடங்கிய பின் இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. அதனால் போனைப் பையில் போடுங்கள், வீடியோ எப்படியும் இணையத்தில் வந்துவிடும். சின்ன நோட்டும் பென்சிலும்தான் என் தேர்வு, இருட்டிலும் பென்சில் எழுதும்.

நிற்க இடம் தேர்ந்தெடுக்க முடிந்தால், மாடல் திரும்புகிற மூலையில் நில்லுங்கள். நேர் எதிரே நின்றால் முன்பக்கம் மட்டும்தான் தெரியும். வேலையின் தரம் முதுகிலும் பாவாடை விளிம்பிலும்தான் தெரியும். என்னைக் கடந்த ஒரு லெஹங்காவில் கட் பீட்ஸ் (சின்னக் குழாய் போன்ற மணிகள்) எல்லாம் ஒரே சாய்வில், மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தது. விளிம்பு தரையில் உரசும்போது மணல் கொட்டுகிற சத்தம். அவ்வளவு எடையிலும் துணி ஓரிடத்தில் கூடச் சுருங்கவில்லை. நம் பிளவுஸ் கைகளில் லோடு ஒர்க் (நெருக்கமாக, புடைப்பாகப் போடும் வேலை) போட்ட இடம் ஏன் இழுத்துக்கொள்கிறது என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். ஃபிரேமில் துணியை நான் இறுக்கிக் கட்டியது போதவில்லை.

ராகுல் மிஸ்ரா ஷோவுக்கு அழைப்பு கிடைத்தால் விடாதீர்கள். 2020 ஜனவரியில் பாரிஸ் ஓட் கூட்டூர் வீக்கில் காட்சி வைத்த முதல் இந்திய டிசைனர் அவர். துணியிலிருந்து எழுந்து நிற்கிற பூ வேலையை அவரிடம் பார்க்க வேண்டும். புடவையை உடலோடு எப்படி மடித்துத் தைப்பது என்று பார்க்க, இன்னொரு டிசைனர் தருண் தஹிலியானியின் ஷோ.

5. மறுநாள்

உடனே ஊர் திரும்பாதீர்கள். வசந்த் குஞ்ச் டிஎல்எஃப் எம்போரியோவில் பல டிசைனர்களின் கடைகள் இருக்கின்றன. ஆரி போடுகிறவர் என்று சொல்லி, ஒரு துணியின் பின்பக்கத்தைக் காட்ட முடியுமா என்று மரியாதையாகக் கேளுங்கள். எனக்கு ஒரு கடையில் காட்டினார்கள். முன்பக்கம் முழுக்க ஜர்தோசி (உலோகச் சரிகை வேலை), பின்னால் தொங்குகிற நூல் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு முடிச்சும் அதற்கு முந்தைய தையலுக்கு அடியில் போய் முடிந்திருந்தது.