ஆர்வி வாடகைக்கு எடுக்கிறீர்களா? தண்ணீர் ஹோஸை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள்

அமெரிக்கா வந்த முதல் கோடையிலேயே நம்மாட்கள் பலருக்கும் ஆர்வி ஆசை, அதாவது அடுப்பு, படுக்கை, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டியில் ஊர் சுற்றும் ஆசை வந்துவிடும். இரண்டு குடும்பம் சேர்ந்து எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்கு ஒரு வாரம், வண்டிக்குள்ளேயே அடுப்பு, ரைஸ் குக்கர், ஊறுகாய் பாட்டில். மோட்டல் மைக்ரோவேவில் சாம்பாரைச் சுடவைக்கும் பாடு மிச்சம். நல்ல யோசனைதான். லைசென்ஸ், இன்சூரன்ஸ், முன்பணம் எல்லாவற்றையும் வண்டியை வாடகைக்கு விடுபவர்களே சொல்லித் தருவார்கள். வண்டியை நிறுத்தித் தங்கும் கேம்ப்கிரவுண்டை மட்டும் மாதக்கணக்கில் முன்னதாகப் பிடித்துவிடுங்கள். தண்ணீர், கரண்ட், கழிவுநீர் மூன்றையும் வண்டியோடு இணைக்கிற வசதி எல்லோஸ்டோனுக்குள் ஃபிஷிங் பிரிட்ஜ் என்ற கேம்ப்கிரவுண்ட் ஒன்றில்தான் உண்டு. யோசமிட்டி பூங்காவின் கேம்ப்கிரவுண்டுகளில் அதுவும் கிடையாது. டேங்கை நிரப்பிக்கொண்டுதான் போய் நிற்க வேண்டும்.

இந்த நிரப்புவதில்தான் வினை.

ஊரில் லாரித் தண்ணீர் வந்தால், தரையில் புரண்டு கிடந்த குழாயை அப்படியே எடுத்துச் சம்ப்புக்குள் விடுவார்கள். நாமும் வாயைத் திறப்பதில்லை. அது குளிக்க, துவைக்க. குடிக்கத்தான் கேன் இருக்கிறதே. ஆர்வியில் அந்தப் பங்கீடு இல்லை. ஒரே டேங்க், ஒரே பம்ப். பல் தேய்ப்பதும் அரிசி களைவதும் காபி போடுவதும் அதே தண்ணீரில். போதாக்குறைக்கு, இங்கே குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம் என்று வந்த மாதத்திலேயே பழகிவிடுகிறோம், காய்ச்சும் வழக்கமும் போய்விடுகிறது. குழாய் சுத்தம்தான். குழாய்க்கும் டேங்குக்கும் நடுவில் இருக்கும் ஹோஸ் யாருடையது, அதை வைத்து என்ன செய்தார்கள் என்பதை யார் பார்த்தது?

என் நண்பர் குடும்பத்துக்கு வாடகை வண்டியோடு ஒரு 'கிட்' கொடுத்தார்கள். அதற்குத் தனிக் கட்டணம் வேறு. உள்ளே வெள்ளை ஹோஸ் இருந்தது. வெள்ளை என்றால் குடிநீருக்கு என்று படித்திருந்ததால் நம்பி மாட்டினார். அன்று ராத்திரி ரசத்தில் ஒரு வாடை. பெருங்காயத்தின் மேல் பழியைப் போட்டார்கள். மறுநாள் பக்கத்து வண்டியில் இருந்த பெரியவர் அந்த ஹோஸின் முனையை முகர்ந்துவிட்டுச் சட்டென்று கையை விலக்கினார். வண்டியின் பக்கவாட்டு அறையைத் திறந்து பார்த்தால், கக்கூஸ் டேங்கைக் காலி செய்யும் மூன்று அங்குலக் குழாயின் மேலேயே இந்த வெள்ளை ஹோஸைச் சுருட்டிப் போட்டிருந்த தடம். முனைகள் திறந்தபடி, உள்ளே பழைய தண்ணீர். முன்பு எடுத்தவர் யாரோ அந்தக் குழாயைக் கழுவவும் இதையேதான் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்றார் பெரியவர். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு; அதற்கு இதுதான் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. ஆனால் டேங்கைக் காலி செய்து, பிளீச் விட்டு அலசி முடிப்பதற்குள் முன்பதிவு செய்த ஒரு ராத்திரி போயிற்று. போனில் கேட்டால் வண்டியை வாடகைக்கு விட்டவர் பதில்: "கிட்டில் ஹோஸ் இருந்ததா, இல்லையா?" இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

இங்கே வெளிக்குழாய் ஹோஸ்களின் மரை எல்லாம் முக்கால் அங்குல அளவுதான். எது வேண்டுமானாலும் எதிலும் மாட்டும், தடுக்க ஆளில்லை. வண்டியின் கழிவு டேங்கைக் காலி செய்யும் டம்ப் ஸ்டேஷனில் கழிவுத் தொட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும் குழாய் பெரும்பாலும் கழுவ மட்டும். 'நான்-பாட்டபிள்', அதாவது குடிக்க ஆகாது என்று பலகை இருக்கும். குடிநீர் வரும் 'பாட்டபிள்' குழாய் சற்றுத் தள்ளி இருக்கும். பலகையைப் படிக்காமல் திருகாதீர்கள்.

ஹோஸ் வாங்கும்போது நிறத்தைப் பார்க்காதீர்கள், எழுத்தைப் பாருங்கள். 'டிரிங்கிங் வாட்டர் சேஃப்' என்றும், குடிநீர்ச் சாமான்களுக்கான தர அளவான என்எஸ்எஃப்/ஏஎன்எஸ்ஐ 61 என்றும் அச்சிட்டிருக்க வேண்டும். தோட்டத்துப் பச்சை ஹோஸ் மலிவுதான், ஆனால் அதன் பிளாஸ்டிக்கை வளையவைக்கச் சேர்க்கும் ரசாயனங்களும் பித்தளை முனையில் உள்ள ஈயமும் தண்ணீரில் இறங்கலாம். பலவற்றின் அட்டையில் தீங்கான ரசாயனம் இருப்பதைச் சொல்லும் கலிபோர்னியா மாநிலத்தின் 'ப்ராப் 65' எச்சரிக்கையே இருக்கும். 50 அடியில் ஒன்று வாங்குவதைவிட 25 அடியில் இரண்டு நல்லது. பெரும்பாலும் ஒன்றே போதும், எட்டாத இடத்தில் சேர்த்துக்கொள்ளலாம். உள்விட்டம் அரை அங்குலத்தைவிட 5/8 அங்குலத்தில் டேங்க் சீக்கிரம் நிரம்பும். கூடவே இரண்டு ரப்பர் வாஷர், தண்ணீரின் அழுத்தத்தைக் குறைக்கும் பிரஷர் ரெகுலேட்டர் ஒன்று. 40 முதல் 60 பிஎஸ்ஐக்குள் வைக்கும் அந்த ரெகுலேட்டரை வண்டிப் பக்கம் மாட்டாமல் குழாயின் வாயிலேயே மாட்டினால் ஹோஸும் பிழைக்கும். எல்லாம் சேர்த்தும் ஒரு ராத்திரி மோட்டல் வாடகை ஆகாது.

வெயிலில் கிடந்த ஹோஸின் முதல் தண்ணீரைக் கீழே விட்டுவிடுங்கள், பிளாஸ்டிக் வாசம் போகட்டும். எல்லோஸ்டோனில் கோடை ராத்திரியிலும் சில நாள் உறைநிலைக்குக் கீழே போகும். அப்போது ஹோஸைக் கழற்றிவிட்டு டேங்க் தண்ணீரில் சமாளியுங்கள்.

கிளம்பும்போது முதலில் தண்ணீர் ஹோஸைக் கழற்றி எடுத்துவைத்த பிறகே கழிவுக் குழாயைத் தொட வேண்டும். கையுறை போட்ட கையோடு திரும்ப இந்தப் பக்கம் வரக்கூடாது. குடிநீர்க் குடத்தருகே செருப்புக் காலோடு யாரையும் அண்டவிடாத பாட்டிகள் இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஹோஸை ஒரு முனையில் தூக்கிப் பிடித்து, கைமாற்றிக் கைமாற்றி நடந்தால் தண்ணீர் முழுதும் வடியும். பிறகு இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று திருகிவிடுங்கள். மண்ணும் பூச்சியும் நுழையாது. தனிப் பையில் போட்டு வண்டிக்குள்ளேயே வையுங்கள், பக்கவாட்டு அறையில் வேண்டாம். கழுவுவதற்கென்று மலிவான பச்சை ஹோஸ் ஒன்று தனியாக இருக்கட்டும்.

வண்டி கைக்கு வந்ததும் டேங்கையும் நம்பாதீர்கள். 15 கேலனுக்குக் கால் கப் வீதம் வாசனை சேர்க்காத பிளீச் கலந்து நிரப்பி, ஒவ்வொரு குழாயிலும் அந்த வாடை வரும்வரை திறந்துவிட்டு, சில மணி நேரம் ஊறவைத்து, வாடை போகும்வரை அலசுங்கள். முதல் நாள் மாலையே வண்டியை எடுத்தால்தான் இதற்கு நேரம் கிடைக்கும். திருப்பிக் கொடுக்கும்போது உங்கள் ஹோஸை எடுத்துக்கொள்ள மறந்துவிடாதீர்கள்; அவர்களுடைய கிட்டில் அதையும் சேர்த்துவிடுவார்கள்.