சாபம் பிடித்த ஊருக்கு ஒரு டாக்டரை அனுப்புவது எப்படி?

பேய்க்கதை எழுத உட்கார்ந்ததும் பலரும் முதல் வேலையாக டாக்டரை முட்டாளாக்கிவிடுகிறார்கள். "இதெல்லாம் மூடநம்பிக்கை" என்று ஒரு வசனம், மூன்றாம் பக்கத்தில் அலறி ஓட்டம். அப்படிப்பட்டவருக்கு என்ன நடந்தால் நமக்கென்ன? உங்கள் டாக்டர் கெட்டிக்காரியாக இருக்கட்டும், அவர் பார்க்கிற வைத்தியம் சரியாக இருக்கட்டும்.

சாபத்துக்கு ஒரே ஒரு விதி போதும். ராத்திரி வாசலில் யார் கூப்பிட்டாலும் மூன்றாவது குரலுக்குத்தான் பதில் கொடுக்கணும் என்று பாட்டிகள் சொல்வார்களே, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் குரலுக்கே கதவைத் திறப்பதுதான் டாக்டரின் வேலை என்பதால், ஊரின் பயமும் அவர் கடமையும் முட்டிக்கொள்ளும் இடம் தானாகவே கிடைத்துவிடும்.

அப்புறம் நோய். இதில் அவசரப்படாதீர்கள். நான் கட்டுவிரியனைத்தான் சொல்வேன். ராத்திரியில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், பெரும்பாலும் வலி, வீக்கம் இருக்காது, பல் தடம்கூடக் கண்ணில் படாமல் போகலாம். வயிற்றுவலி என்று எழுந்து வருகிறவருக்குக் கொஞ்ச நேரத்தில் இமை தொங்கும், பேச்சு குழறும், கைகால் விழுந்து கடைசியில் மூச்சும் நின்றுபோகும். ஊர் "முனி அடிச்சிருச்சு" என்று சொல்லும். டாக்டரம்மா இமையைப் பார்த்ததுமே கட்டுவிரியன் என்று கண்டுபிடித்து, விஷமுறிவு மருந்து 10 குப்பியை டிரிப்பில் ஏற்றிவிடுவார். ஆனால் நரம்பு முனையில் விஷம் ஏற்கெனவே செய்துவிட்ட சேதத்தை அந்த மருந்தால் உடனே சரிசெய்ய முடியாது, மூச்சு திரும்பும்வரை, நுரையீரலுக்குக் காற்றைத் தள்ளுகிற ஆம்பு பையைக் கையால் அமுக்கிக்கொண்டே இருக்கணும். விரலைக்கூட அசைக்க முடியாமல் கிடக்கிற அந்த ஆளுக்கு உள்ளே நினைவு இருக்கலாம், சுற்றிப் பேசுவது எல்லாம் காதில் விழலாம். இது மருத்துவ உண்மை, பத்துப் பேய்க்குச் சமம்.

ஊரை மலை மேல் வையுங்கள், 108 வந்து சேர நேரமாகும்.

சரி, இப்போது காட்சி. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு இளவட்டம் "வயிறு பிசையுது டாக்டரம்மா" என்று தானே நடந்து வருகிறான். அந்தக் குரலை வாசகர் மனதில் பதிகிற மாதிரி எழுதுங்கள், கொஞ்சம் கரகரப்பு, கடைசி எழுத்தை இழுக்கிற பழக்கம். நாலு மணிக்கு அவன் அசைவில்லாமல் கிடக்கிறான். வண்டிக்கு வழிகாட்ட சிஸ்டர் டார்ச்சோடு ரோட்டுக்குப் போய்விட்டார். டாக்டர் தனியாக ஆறு நொடிக்கு ஒரு அமுக்கல் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்.

வாசலில் ஒரே ஒரு தடவை "டாக்டரம்மாஆ".

கட்டிலில் கிடக்கிறவனின் குரல். அவர் குனிந்து பார்க்கிறார், மூடிய இமையோரம் கண்ணீர் வழிகிறது, அவனுக்கும் கேட்டிருக்கிறது. எழுந்து போனால் மூச்சு நிற்கும்.

யார் அது என்று விளக்காதீர்கள். கதவுக்கு வெளியே இரண்டாவது தடவை கூப்பிட மூச்சை இழுக்கிற சத்தம் கேட்கட்டும், அதோடு நிறுத்திவிடுங்கள்.