ஒரே பூண்டு, நாலு விதமான ருசி

வேற நாட்டு சமையல் ட்ரை பண்ணலாம்னு நினைக்கிற நிறைய பேர் சாமான் லிஸ்ட்டைப் பாத்ததுமே பின்வாங்கிடுறாங்க, பேரே வாயில நுழையாத சாஸ் எல்லாம் வாங்கணுமான்னு. என்னைக் கேட்டா அதைவிட முக்கியம் கிச்சன்ல ஏற்கனவே கிடக்குற பூண்டுதான். அதை நறுக்குறதா இடிக்கிறதா, எண்ணெய் சூடாகறதுக்கு முன்னாடி போடுறதா பின்னாடியா, இதை மாத்தினாலே சாப்பாடு வேற ஊருக்குப் போயிடும்.

காரணம் சிம்பிள்தான். முழுப்பல்லுல பெருசா வாசமே இருக்காது. நறுக்கும்போது செல் உடைஞ்சு உள்ள தனித்தனியா இருந்த அலீன்ங்கற பொருளும் அலினேஸ்ங்கற என்சைமும் ஒண்ணா சேர்ந்துதான் அல்லிசின் உருவாகுது, மூக்குல ஏறுற அந்தக் காரம் அதோட வேலைதான். அதனால எவ்வளவு நசுக்குறீங்களோ அவ்வளவு காரம். சூடு பட்டா அந்த என்சைம் செத்துடும், புளிப்பு பட்டா அடங்கிடும். இது புரிஞ்சா கீழ வர்ற எல்லாமே ஈஸி.

மொதல்ல இத்தாலி. ஸ்பகெட்டி ஆலியோ ஏ ஓலியோ, வெறும் பூண்டும் எண்ணெயும். ரெண்டு பேருக்கு 200 கிராம் ஸ்பகெட்டி, 5-6 பல் பூண்டு, 4 டேபிள்ஸ்பூன் ஆலிவ் ஆயில், அரை டீஸ்பூன் சில்லி ஃப்ளேக்ஸ், கொஞ்சம் பார்ஸ்லி. 2 லிட்டர் தண்ணில ஒரு டேபிள்ஸ்பூன் உப்பு போட்டு பாஸ்தாவை வேக விடுங்க, தண்ணி இதுக்கு மேல வேண்டாம், குறைச்சலா இருந்தாதான் மாவுச்சத்து அடர்த்தியா இறங்கும், அதுதான் நமக்கு சாஸே. பூண்டை மெல்லிசா சீவி, சூடாக்காத எண்ணெயிலயே போட்டு அப்புறம் அடுப்பைப் பத்த வைங்க, சின்ன தீயில. எண்ணெயும் பூண்டும் சேர்ந்து மெதுவா சூடாகும்போதுதான் வாசம் முழுசா எண்ணெயில இறங்கும், சூடான எண்ணெயில போட்டா வெளிய கருகிடும் உள்ள பச்சையா நிக்கும். ஓரம் லேசா பொன்னிறம் ஆனதும் சில்லி ஃப்ளேக்ஸ் போட்டு உடனே ஒரு கரண்டி பாஸ்தா தண்ணிய ஊத்துங்க, அதுக்கு மேல பூண்டு செவக்கக் கூடாது, செவந்தா கசப்பு வந்துடும், அந்தக் கசப்பை எதைப் போட்டும் சரி பண்ண முடியாது.

பாக்கெட்ல போட்டிருக்கற நேரத்துக்கு 2 நிமிஷம் முன்னாடியே பாஸ்தாவை எடுத்து இந்தப் பேன்ல போட்டு, இன்னும் அரை கப் தண்ணி சேர்த்து, தீயைக் கூட்டி வச்சு, கை விடாம பிரட்டிக்கிட்டே இருங்க. எண்ணெயும் தண்ணியும் ஒட்டாதுதான், ஆனா நடுவுல மாவுச்சத்து இருக்கறதால ரெண்டும் கலந்து லேசா வெள்ளையா பளபளன்னு ஒரு சாஸ் ஆயிடும். அடியில எண்ணெய் தனியா தேங்கி நின்னா இன்னும் ரெண்டு ஸ்பூன் தண்ணி விட்டு பிரட்டணும், அவ்வளவுதான். வெந்த பாஸ்தாவைப் பச்சைத்தண்ணில அலசுற பழக்கம் இருந்தா தயவு செஞ்சு விட்டுடுங்க, சாஸ் ஒட்டறதுக்கான மாவே அதுல போயிடும். சீஸ் உங்க இஷ்டம், நான் போட மாட்டேன்.

அடுத்து தாய்லாந்து, இங்க எல்லாமே தலைகீழ். பாட் க்ரபாவ்க்கு, அதாவது கைமாவை பேசில் இலையோட வதக்குற டிஷ்க்கு, 5 பல் பூண்டும் 3-4 மிளகாயும் உரல்ல ஒண்ணும் பாதியுமா இடிச்சுக்கோங்க, மிக்ஸி வேண்டாம், தண்ணியா போயிடும். ஒரு டேபிள்ஸ்பூன் ஆய்ஸ்டர் சாஸ், 2 டீஸ்பூன் ஃபிஷ் சாஸ், ஒரு டீஸ்பூன் சோயா சாஸ், ஒரு டீஸ்பூன் சர்க்கரை, இதை எல்லாம் ஒரு கிண்ணத்துல முன்னாடியே கலந்து அடுப்பு பக்கத்துல வச்சுடணும், ஏன்னா ஆரம்பிச்சதுக்கு அப்புறம் பாட்டில் மூடி திறக்கக் கூட நேரம் இருக்காது. எண்ணெய் நல்லா காஞ்சதும் இடிச்சதைப் போட்டு 15-20 செகண்ட், வாசம் வந்த உடனே 250 கிராம் சிக்கன் கைமா, ஃபுல் தீயில உடைச்சு விட்டு வதக்கி, நிறம் மாறினதும் சாஸ். ஒரே தடவைல அரைக் கிலோ போட்டா பேன் சூடு இறங்கி தண்ணி விட்டு வெந்துடும், வதங்காது, அதனால நிறைய பேருக்குன்னா ரெண்டு தடவையா பண்ணுங்க. அடுப்பை ஆஃப் பண்ணிட்டு ஒரு பெரிய கைப்பிடி ஹோலி பேசில், அது துளசி இனமேதான். சைவம்னா டோஃபுவை உதிர்த்துப் போடலாம், ஃபிஷ் சாஸ், ஆய்ஸ்டர் சாஸுக்கு பதிலா சோயாவும் மஷ்ரூம் சாஸும். சோறும், ஓரம் மொறுமொறுன்னு பொரிச்ச முட்டையும் கட்டாயம் வேணும்.

மெக்ஸிகோ சால்சாவுக்கு எண்ணெயே வேண்டாம். காஞ்ச தவால 4 தக்காளி, பாதி வெங்காயம், 2 மிளகாய், தோலோட 3 பல் பூண்டு, அங்கங்க கருகற வரைக்கும் திருப்பி விட்டு சுடுங்க. தோல் இருக்கறதால பூண்டு உள்ளுக்குள்ளயே வெந்து இனிப்பாயிடும், பிதுக்கினா வழுக்கிட்டு வரும். எல்லாத்தையும் கொரகொரன்னு அரைச்சு உப்பு, எலுமிச்சை, கொத்தமல்லி. முட்டை, சோறு, ரொட்டி, எதுக்கும் ஓடும்.

பச்சைப் பூண்டு பிடிக்காதவங்க தஹினி (எள்ளை அரைச்ச விழுது) சாஸ் பண்ணிப் பாருங்க. 2 பல்லை நசுக்கி அரை டீஸ்பூன் உப்போட ஒரு பெரிய எலுமிச்சை சாறுல 10 நிமிஷம் ஊற வைங்க, புளிப்புல காரம் அடங்கி வாசம் மட்டும் நிக்கும். நசுக்கின உடனே சாறுல போட்டுடணும், பத்து நிமிஷம் கழிச்சு போட்டா காரம் ஏற்கனவே உருவாகியிருக்கும். அரை கப் தஹினி சேர்த்ததும் சிமெண்ட் மாதிரி இறுகும், பயந்துடாதீங்க, ஐஸ் தண்ணிய ஸ்பூன் ஸ்பூனா விட்டு அடிச்சுட்டே இருந்தா வெளுத்து க்ரீம் ஆயிடும்.

ஒரு விஷயம் மட்டும் சீரியஸா சொல்லணும். பூண்டு போட்ட எண்ணெய் மிஞ்சினா வெளிய வைக்காதீங்க. எண்ணெய்க்குள்ள காத்து போகாது, புளிப்பும் இல்ல, பாட்டுலிசம்ங்கற நோயை உண்டாக்குற கிருமி வளர்ந்து விஷத்தை உண்டாக்க அது போதும், வாசத்தை வச்சோ பாத்தோ கண்டுபிடிக்கவும் முடியாது. ஃப்ரிட்ஜ்ல வச்சு 3-4 நாள்ல தீர்த்துடுங்க, இல்ல ஃப்ரீசர்ல போடுங்க.