துப்பாக்கிக் குண்டு பட்டவருக்கு ஆம்புலன்ஸ் வரும்வரை செய்யும் முதலுதவி

குண்டடி என்றதும் உள்ளே இருக்கும் குண்டை எப்படியாவது எடுத்துவிட வேண்டும் என்றுதான் பலருக்கும் தோன்றும். அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். அது அறுவை சிகிச்சை நிபுணரின் வேலை. சிலருக்கு மருத்துவர்களே எடுக்காமல் விட்டுவிடுவதும் உண்டு. இங்கே உயிருக்கு எமன் ரத்த இழப்புதான். பெரிய ரத்தக்குழாய் அறுந்திருந்தால் 5 நிமிடத்துக்குள்கூட உயிர் போய்விடலாம்.

1. இடம் பாதுகாப்பானதா? சுடுவது நிற்காதவரை கிட்டே போகாதீர்கள். நின்றதும் அவசர எண்ணை அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டுக் கீழே வையுங்கள். உங்களுக்கு இரண்டு கையும் வேண்டும். கையுறை இருந்தால் அணியுங்கள்.

2. எல்லாக் காயங்களையும் தேடுங்கள். உடையைக் கத்தரித்துப் பாருங்கள். ஒரு துளை தெரிந்ததும் நின்றுவிடக் கூடாது. குண்டு மறுபக்கமாக வெளியேறியிருக்கலாம். முதுகு, அக்குள், தொடையிடுக்கு எல்லாம் கையால் தடவி, கையில் ரத்தம் ஒட்டுகிறதா என்று பாருங்கள்.

3. அழுத்துங்கள். சுத்தமான துணியைக் காயத்தின்மேல் வைத்து, முழங்கையை மடக்காமல் உங்கள் உடல் எடை முழுவதும் இறங்கும்படி அழுத்துங்கள். வலியில் அவர் கத்தினாலும் விடாதீர்கள். அக்குள், தொடையிடுக்கு போன்ற இடங்களில் மேலோட்டமாக அழுத்தினால் போதாது. துணியை விரலால் காயத்துக்குள் ஆழமாகத் திணித்து, குழி நிரம்பியபின் அதன்மேல் 10 நிமிடமாவது அழுத்துங்கள். நடுவில் ‘நின்றுவிட்டதா’ என்று தூக்கிப் பார்க்கவே கூடாது. உறைய ஆரம்பித்த ரத்தம் மறுபடி ஒழுகும். துணி நனைந்தால் மேலேயே இன்னொன்றை வையுங்கள். நெஞ்சிலும் வயிற்றிலும் மட்டும் துணியை உள்ளே திணிக்காதீர்கள்.

4. கை, காலில் ரத்தம் பீறிட்டால் டூர்னிகெட் (கோலை முறுக்கி இறுக்கி, ரத்த ஓட்டத்தை நிறுத்தும் பட்டை). காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே (உடம்பை நோக்கிய பக்கம்), மூட்டைத் தவிர்த்துக் கட்டி, ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். கடுமையாக வலிக்கும், அது இயல்புதான். கட்டிய நேரத்தைக் குறித்துவையுங்கள். அப்புறம் தளர்த்தாதீர்கள்.

5. நெஞ்சுக் காயம். ரத்தம் கொட்டாவிட்டால் பயிற்சி இல்லாதவர்கள் அதை மூடாமல் விடுவதே நல்லது. காற்றுப் புகாமல் அடைத்துவிட்டால் உள்ளே காற்று தேங்கி நுரையீரலை நெருக்கும். நினைவோடு இருந்தால், மூச்சுவிட வசதியான நிலையில் உட்காரட்டும்.

6. குளிரவிடாதீர்கள். உடல் குளிர்ந்தால் ரத்தம் உறைவது குறையும். போர்வையால் மூடுங்கள், தரைக்கும் உடலுக்கும் நடுவிலும் ஒன்றை விரியுங்கள். தாகம் என்று கேட்டாலும் தண்ணீர் கொடுக்க வேண்டாம். அறுவை சிகிச்சை தேவைப்படலாம். நினைவிழந்து, மூச்சு மட்டும் சீராக இருந்தால் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். மூச்சே இல்லையென்றால், போனில் இருப்பவர் சொல்கிறபடி சிபிஆர் (நெஞ்சை அழுத்தி இதயத்தை இயக்கும் முதலுதவி) தொடங்குங்கள்.

ஆம்புலன்ஸ் குழு வந்ததும் எங்கெங்கே காயம், டூர்னிகெட் எத்தனை மணிக்குக் கட்டினீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். அவர்கள் பொறுப்பேற்கும்வரை கையை எடுக்காதீர்கள்.