ஸ்பிண்டிலில் இறுகிய டேப்பரைக் கழற்றக் கவட்டை ஆப்பு

கோவையின் கணபதியிலோ குறிச்சியிலோ உள்ள ஒரு சிறு பட்டறையில், மில்லிங் மெஷினின் ஸ்பிண்டிலுக்குள் (சுழலும் தண்டின் கூம்புத் துளைக்குள்) டிரில் சக்கின் ஆர்பர் (சக்கைத் தாங்கும் கூம்புத் தண்டு; அந்தக் கூம்புதான் டேப்பர்) இறுகிக்கொண்டால், டிராபாரின் (ஆர்பரை மேலிருந்து இழுத்துப் பிடிக்கும் நீள போல்ட்டின்) தலையில் சுத்தியலால் ஓங்கி அடிப்பதே வழக்கம். அந்த அடி ஸ்பிண்டிலின் பேரிங்குகள் வழியாகவே மெஷினின் தலைக்குப் போகிறது. நாளடைவில் பேரிங் இரைச்சலிடுவதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை. கழற்றும் விசை ஸ்பிண்டிலின் முகத்துக்கும் சக்கின் முதுகுக்கும் இடையிலேயே முடிந்துவிட்டால், பேரிங்குக்கு எந்தச் சுமையும் ஏறாது. அதற்குத் தேவை ஒரு ஜோடி கவட்டை ஆப்பு, அதாவது தண்டைக் கவ்வுமாறு நடுவே காடி வெட்டிய சரிவான பட்டைகள்.

இத்தகைய ஆர்பர்களில் உள்ள ஒரு நிலையான கூம்பு அளவான 3-ஆம் எண் மோர்ஸ் டேப்பர் ஏறத்தாழ 20-க்கு 1 என்ற சரிவுடையது (20 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 1 மி.மீ. குறையும்). இவ்வளவு குறைந்த சரிவில் உராய்வே பிடித்துக்கொள்வதால், டிராபாரைத் தளர்த்தினாலும் ஆர்பர் தானாக இறங்காது. வேலை செய்து சூடேறிய ஸ்பிண்டிலில் குளிர்ந்த ஆர்பரை ஏற்றி இறுக்கிவிட்டு இரவு அப்படியே விட்டால், ஆறும்போது ஸ்பிண்டில் சுருங்கி மேலும் இறுகும்.

முதலில் ஸ்பிண்டில் முகத்துக்கும் சக்கின் முதுகுக்கும் உள்ள இடைவெளியையும், அங்கே தெரியும் தண்டின் விட்டத்தையும் வெர்னியரால் அளந்துகொள்ளுங்கள். இடைவெளி 10 மி.மீ., தண்டு 24 மி.மீ. என்று வைத்துக்கொண்டு கணக்குச் சொல்கிறேன். 50 மி.மீ. அகலமும் 80 மி.மீ. நீளமும் கொண்ட இரண்டு இ.என். 8 (நடுத்தரக் கார்பன் எஃகு) பட்டைகளை, ஒரு முனை 8 மி.மீ., மறுமுனை 3 மி.மீ. ஆகுமாறு ஒரே பக்கத்தில் சரிவாகச் சீவுங்கள். மெஷினே அடைபட்டுக் கிடப்பதால் இதை ஷேப்பரிலோ, அரத்திலோ, பக்கத்துப் பட்டறையிலோதான் செய்யவேண்டியிருக்கும். முன்கூட்டியே செய்துவைப்பவர் புத்திசாலி. சரிவு முடிந்த பிறகே மெல்லிய முனையிலிருந்து 25 மி.மீ. அகலத்தில் 56 மி.மீ. ஆழத்துக்குக் காடி வெட்டுங்கள். முதலிலேயே வெட்டினால் வைஸில் பிடிக்கும்போது கவட்டை நெளியும். சரிவு முகத்தை அரத்தால் தேய்த்துப் பிசிறு நீக்கினால் போதும், கடினமாக்கத் தேவையில்லை.

கழற்றும்போது டிராபாரை ஒன்றரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். முழுவதும் கழற்றினால் சக் கையிலோ மேசையிலோ விழும். எப்படியும் மேசைமேல் ஒரு பலகை இருக்கட்டும். சரிவு முகங்களில் கிரீஸ் தடவி, இரண்டு ஆப்புகளையும் எதிரெதிர்த் திசையிலிருந்து தண்டைக் கவ்வுமாறு ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி, தடித்த முனைகளை சி-கிளாம்பால் நெருக்குங்கள். ஆப்புகள் 16 மி.மீ. நெருங்கினால் மொத்தத் தடிமன் 1 மி.மீ. உயரும், டேப்பர் அதற்கு வெகு முன்பே 'டக்' என்று விட்டுவிடும். விடாவிட்டால் கிளாம்பை மேலும் முறுக்காமல், விசை இருக்கும்போதே தடித்த முனையில் செப்புச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள்.

ஆப்பு முட்டிக்கொள்ளத் தோள் இல்லாத காலெட்டுகளுக்கு (கட்டரைக் கவ்வும் பிளவுக் குழல்களுக்கு) இந்த ஆப்பு உதவாது. கழற்றிய டேப்பரை மறுபடி ஏற்றும் முன் கிரீஸ் ஒட்டாமல் டேப்பரையும் ஸ்பிண்டில் துளையையும் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.